நீ யார்? சாவி யார் கையில்? - ஹூக்ளிக் கரையிலிருந்து ஒரு சரித்திரம்

துபாயில் இருக்கும் நண்பர் ஒருவர் மடல் அனுப்பியிருந்தார். சின்ன கம்பெனி, பதினைந்து இருபது கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றையும் ராத்திரியில் நெட்வொர்க் வழியாக ஒரே இடத்தில் பேக்கப் எடுக்கும் ஒரு மென்பொருள். "நான்தான்யா அட்மினிஸ்ட்ரேட்டர். எல்லா அதிகாரமும் எனக்குத்தான். ஆனாலும் அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்தி வைக்கிற கூத்து இது. நீ பேங்க்காரன், பாஸ்வேர்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். காரணம் சொல்லேன்" என்று கேட்டிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போய் ஹூக்ளி மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. நான் கணினி படித்தவன் இல்லை, பி.காம். அதனால் எதையும் கணக்குப் பிள்ளை புத்தியோடுதான் பார்ப்பேன். நண்பரின் சிக்கலுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நீ யார்? உனக்கு என்ன அனுமதி? நீ சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? மூன்றும் கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாலேயே, நான் இப்போது இருக்கும் இந்த வங்காளத்தில் கேட்கப்பட்டவை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொனாயின் கை

1858 ஜூலை 28. சிப்பாய்க் கலகம் நடந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி. (யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த ஹெர்ஷலின் பேரன்.) சாலை போட சரளை வேண்டும். ராஜ்யதர் கொனாய் என்ற உள்ளூர்க்காரர் 2000 மணங்கு சரளை தருவதாக ஒப்பந்தம் எழுதுகிறார். கையெழுத்துப் போடும் நேரத்தில் ஹெர்ஷல் ஒரு காரியம் செய்தார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை கொனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் அப்படியே பதித்துவிட்டார்.

ரேகை பற்றிய அறிவியல் எதுவும் அன்று அவருக்குத் தெரியாது. 'இது என் கையெழுத்து இல்லை' என்று நாளைக்கு ஆள் மறுத்துவிடக் கூடாது, அந்த பயம்தான் காரணம். ஆள்கிறவனுக்கு ஆளப்படுகிறவன் மேல் நம்பிக்கை இல்லை. 'நீ சொல்வதை நம்ப மாட்டேன், உன் உடம்பு சொல்லட்டும்' என்பதில்தான் கதை தொடங்குகிறது. கொனாயின் கை இன்று உலகம் முழுக்கப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த ஆள் என்ன நினைத்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1877-ல் அதே ஹெர்ஷல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட். அங்கே ரேகையை மூன்று இடங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பத்திரப் பதிவு, சிறைச்சாலை, அப்புறம் பென்ஷன். பென்ஷன் ஏன்? வாங்குகிறவர் காலமான பிறகும் அவர் பெயரில் வேறு யாரோ வந்து பணம் வாங்கிப் போகக் கூடாது என்றுதான். வங்கியில் நவம்பர் மாதம் வேலை பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பத்து விரல், 1024 பொந்து

ஒரு ரேகையை இன்னொன்றோடு ஒப்பிடுவது சுலபம். ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் ஒருவருடைய தாளைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். 'இவன் தான் சொல்லும் ஆள்தானா' என்பது ஒரு கேள்வி. 'இவன் யார்' என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இரண்டாவதற்கு விடை கண்டது கல்கத்தா. வங்காளத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் எட்வர்ட் ஹென்றி. அவருக்குக் கீழே இரண்டு இந்தியர்கள்: குல்னா பக்கத்திலிருந்து வந்து பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்த அஜிசுல் ஹக், இன்னொருவர் ஹேம் சந்திர போஸ். ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். பத்து விரலை ஐந்து ஜோடியாக்கி, ஜோடிக்கு 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. சுழி இருந்தால் மதிப்பு உண்டு, இல்லாவிட்டால் பூஜ்யம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் கூட்டி, இரண்டிலும் ஒன்றைச் சேர்த்தால் 1 முதல் 32 வரை இரண்டு எண்கள் கிடைக்கும். 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1024. பொந்து பொந்தாக 1024 அறைகள் உள்ள ஒரு அலமாரி. தாள் எந்தப் பொந்தில் இருக்கும் என்று கணக்கே சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். உண்டு அல்லது இல்லை, பத்து இடம், 1024. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் இருந்த காலத்தில், கல்கத்தாவில் மர அலமாரியில் பைனரி ஓடிக்கொண்டிருந்தது!

1897 ஜூனில் அரசாங்கம் இதை ஏற்றது. உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில், ரைட்டர்ஸ் பில்டிங்கில் தொடங்கியது. அந்த வருஷமே ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருவர் கொலையானார். பஞ்சாங்கப் புத்தகம் ஒன்றில் இருந்த ரேகை, பழைய வேலைக்காரர் காங்காலி சரணுடையது என்று அலமாரி சொன்னது. 1898-ல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தத் தீர்ப்பை நான் ரொம்ப மதிக்கிறேன். ரேகை அவர் அங்கே இருந்தார் என்று சொன்னது. என்ன செய்தார் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு என்று நீதிபதிக்குப் புரிந்திருந்தது.

அந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் 'ஹென்றி முறை'. ஹக்குக்கு கான் பகதூர் பட்டமும் போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தன. அடையாளம் காணும் கலையைக் கண்டுபிடித்தவர்களுக்கே அடையாளம் கிடைக்க அத்தனை வருஷம்.

பாஸ்வேர்ட் வந்த கதை

இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டரும் இந்த ஊரில்தான். பாராநகரில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற இயந்திரம் 1955-ல் வந்து, அடுத்த வருஷம் ஓடத் தொடங்கியது. அதற்கு பாஸ்வேர்ட் கிடையாது. தேவையும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு வேலை. அறைக்குள் வர முடிந்தவன் உரிமை உள்ளவன், அவ்வளவுதான். வாசல் பூட்டுதான் பாதுகாப்பு.

ஒரே இயந்திரத்தைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த ஆரம்பித்தபோதுதான் வம்பு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961-ல் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்தது. ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். அடுத்த வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கொடுத்த மணிநேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்ட் கோப்பை அச்சிடும்படி ஒரு துளை அட்டையைப் போட்டார். மொத்தப் பட்டியலும் அச்சாகிக் கையில் வந்துவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது சில வருஷம் கழித்து அதே இடத்தில் நடந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்துகிறார், இன்னொருவர் பாஸ்வேர்ட் கோப்பை. தற்காலிகக் கோப்புக்கு அந்த எடிட்டர் இருவருக்கும் ஒரே பெயர் வைக்க, இரண்டும் மாறிப்போயின. அதன் பிறகு லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் வரவேற்பாக எல்லோருடைய பாஸ்வேர்டும் திரையில் ஓடியது :-) திருடன் யாரும் இல்லை. இரண்டு பேருக்கும் முழு அனுமதி உண்டு. முழு அனுமதி இருந்ததுதான் சிக்கலே.

பேக்கப்காரனுக்கு என்ன உரிமை?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். பேக்கப் எடுப்பவன் ஒரு விசித்திரமான ஆள். அவனுக்கு எந்தக் கோப்பையும் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் எல்லாக் கோப்பையும் தொட்டாக வேண்டும். தபால்காரர் மாதிரி. எல்லார் வீட்டுக் கடிதமும் கையில் இருக்கும், ஒன்றையும் பிரிக்கக் கூடாது.

யூனிக்ஸில் இதற்கு நுணுக்கமான விடை இல்லை. 'ரூட்' என்று ஒரு ராஜா. எல்லாம் அவரால் முடியும், அதனால் பேக்கப்பும் அவர் பெயரில்தான் ஓடும். நெட்வொர்க் வந்தபோது 1983-ன் பெர்க்லி யூனிக்ஸில், 'இன்ன பெயருள்ள கம்ப்யூட்டரிலிருந்து இன்னார் வந்தால் பாஸ்வேர்ட் கேட்காமல் விடு' என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வசதி இருந்தது. தெரிந்த வீட்டுப் பிள்ளை, உள்ளே வரட்டும் என்கிற நம்பிக்கை. 1988 நவம்பர் 2-ம் தேதி கிளம்பிய மோரிஸ் புழு, இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது.

அதே 1988-ல் தொடங்கிய லெகாட்டோ கம்பெனியின் நெட்வொர்க்கர் போன்ற பேக்கப் மென்பொருள்களும் இந்த உலகத்தில் பிறந்தவைதான். அதில் நிர்வாகிகள் பட்டியல் ஒன்று இருக்கும். இன்ன ஆள், இன்ன கம்ப்யூட்டர் என்று சேர்த்து எழுதியிருக்கும். விண்டோஸில் நீங்கள் எவ்வளவு பெரிய அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அங்கே நீங்கள் யாரோ. எங்கள் பாஷையில் சொன்னால், ஜெனரல் மேனேஜரே வந்தாலும் லாக்கர் ரிஜிஸ்டரில் பெயர் இல்லாமல் லாக்கர் அறைக்குள் போக முடியாது. நண்பர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. ஒரு நல்ல யோசனையைக் கொண்டுவந்தது: 'பேக்கப் ஆபரேட்டர்கள்' என்று தனி வகுப்பு. கோப்பின் சொந்தக்காரர் கதவைச் சாத்தியிருந்தாலும் நகல் எடுக்க மட்டும் இவர்களுக்கு உரிமை. நகல் எடுக்க ஒரு உரிமை, திரும்ப வைக்க இன்னொரு உரிமை என்று பிரித்தும் வைத்தார்கள். ஆனால் இரண்டையும் அந்த ஒரே வகுப்புக்கே கொடுத்துவிட்டார்கள். வவுச்சர் எழுதுகிறவனே பாஸும் செய்யலாம் என்ற மாதிரி. எல்லாவற்றையும் நகலெடுக்கத் தெரிந்தவன் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். திரும்ப வைக்கத் தெரிந்தவன் எதன் மேலும் எதையும் எழுதலாம்.

அடுத்தது 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தது. சாதாரண நேரத்தில் சாதாரண சட்டை, கேட்டு ஒப்புக்கொண்டால் மட்டும் அதிகாரச் சட்டை. அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக வந்தால், பெரும்பாலும் சாதாரண சட்டையோடுதான் உள்ளே விடும். 'நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர், ஆனாலும் அனுமதியில்லை' என்ற புலம்பலில் பாதி இதனால் வருவது.

மிச்சப் பாதிக்குக் காரணம் கடிகாரம். எம்.ஐ.டி.யில் 1980களில் செய்த கெர்பரோஸ் என்ற அடையாள முறையை விண்டோஸ் 2000 எடுத்துக்கொண்டது. பாஸ்வேர்டை நெட்வொர்க்கில் அனுப்பாமல், நேரம் குறித்த சீட்டு கொடுக்கும் முறை. கொடுப்பவர் கடிகாரமும் வாங்குபவர் கடிகாரமும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் சீட்டு செல்லாது. இதைப் படித்தபோது எனக்குக் கல்கத்தா டைம் ஞாபகம் வந்தது. 1906-ல் இந்திய நேரம் வந்த பிறகும் இந்த ஊர் 1948 வரைக்கும் தன் பழைய நேரத்தை விடவில்லை. சுமார் 23 நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. (நேர மண்டலம் வேறாக இருப்பது கெர்பரோஸுக்குப் பிரச்சினை இல்லை, உள்ளே எல்லாமே கிரீன்விச் கணக்குதான். கடிகாரமே தப்பாக இருந்தால்தான் வம்பு.)

எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் நடந்தது இது, பெயர் வேண்டாம். பேக்கப் ஓடுவதற்கென்று ஒரு தனிக் கணக்கு. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற வேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தி, பாஸ்வேர்ட் மாறியது. பேக்கப் மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி ராத்திரி அது பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டி, மூக்குடைந்து, 'தோல்வி' என்று லாகில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அந்த லாகைப் பார்ப்பது யார் வேலை என்று யாருக்கும் ஒதுக்கவில்லை. ஒரு கோப்பு தொலைந்து, பேக்கப்பைத் தேடியபோதுதான் வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

ஆக, நண்பருக்கு என் வரிசை இது. முதலில் இரண்டு கம்ப்யூட்டரிலும் கடிகாரம். அப்புறம் ஒன்றுக்கு மற்றது சரியான பெயரில் தெரிகிறதா என்பது. அப்புறம் பேக்கப் எந்தக் கணக்கில் ஓடுகிறது, அதன் பாஸ்வேர்ட் சமீபத்தில் மாறியதா. அப்புறம் மென்பொருளின் சொந்த நிர்வாகிகள் பட்டியல். கடைசியாகத்தான் கோப்பின் அனுமதி. அவசரத்தில் 'எல்லோருக்கும் முழு உரிமை' என்று கொடுத்துவிடாதீர்கள். தலைவலி உடனே போகும். அது எதற்கான தலைவலி என்பது தெரியாமலே போகும்.

இரண்டு சாவி

வங்கியில் பணப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். மாற்றுச் சாவிகள் சீல் வைத்த உறையில் வேறு கிளையில் இருக்கும். அவ்வப்போது அவற்றை எடுத்து வந்து, பூட்டில் போட்டுப் பார்த்து, முறை மாற்றி வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் இதெல்லாம் வெறும் சடங்கு என்றுதான் எனக்குத் தோன்றும். உட்கார்ந்து யோசித்தால், பேக்கப் பற்றித் தெரிய வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது: தனியாளுக்கு முழு உரிமை இல்லை, நகல் ஒரே கூரைக்குக் கீழ் இல்லை, நகல் திறக்கிறதா என்று சோதிக்காமல் விடுவதில்லை.

அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடு சாட்சி. 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு ஸ்விஃப்ட் வழியாக 35 உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 95 கோடி டாலர். அனுப்பியவர்கள் திருடர்கள், ஆனால் பயன்படுத்திய பெயரும் பாஸ்வேர்டும் அசல். ஐந்து உத்தரவுகள் நிறைவேறின. பிலிப்பைன்ஸுக்குப் போனது 8.1 கோடி டாலர். இலங்கைக்குப் போன 2 கோடி திரும்பி வந்தது, காரணம் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப் பிழை. உள்ளே நுழைந்தவர்கள் பதிவுகளை அழித்தார்கள், நகல் அச்சிடும் பிரிண்டரையும் முடக்கினார்கள். சாட்சியை அழிக்கும் அனுமதியும் அந்த உரிமைகளோடு சேர்ந்தே இருந்தது.

நம் பக்கமும் சும்மா இல்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை வந்தபோது மேற்கு மிட்னாபூரில் மாநில மின் விநியோக நிறுவன அலுவலகங்கள் சிலவற்றின் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் நிறுவனத்தில் இப்படிப்பட்ட தாக்குதல் நடந்தபோது, சுமார் 300 சின்ன வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போதெல்லாம் இந்தத் திருடர்கள் முதலில் தேடுவது பேக்கப் நிர்வாகியின் கணக்கைத்தான். நகலை அழித்த பிறகுதான் அசலைப் பூட்டுகிறார்கள். அதனால் புதிய மென்பொருள்கள் குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாத நகல், நெட்வொர்க்கில் இணையாத நகல், அழிக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் ஒப்புதல் என்று வருகின்றன. சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் தலைமைக் காசாளரின் சாவிக் கொத்துக்கே வந்திருக்கிறார்கள்.

நவம்பர் மாதத்துக் கட்டைவிரல்

பென்ஷன் விஷயம் பாக்கி இருக்கிறது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. ஆதாரோடு சேர்ந்த ரேகையை வைத்து, உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கும் திட்டம். ஹூக்ளியில் 1877-ல் ஹெர்ஷல் செய்த அதே காரியம், அதே காரணம். நடுவில் 137 வருஷம்.

வருஷா வருஷம் நவம்பரில் வங்கிகளில் பெரியவர்கள் வரிசையில் நிற்பார்கள். சிலருக்கு இயந்திரம் ரேகையை எடுத்துக்கொள்ளாது. வயதில் தேய்ந்த விரல், பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல். துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வோம், அடுத்த விரல் வைக்கச் சொல்வோம். "நான்தான் எதிரே நிற்கிறேனே தம்பி" என்பார்கள். என்ன பதில் சொல்ல? உள்ளே இருப்பவருக்கு அவரைப் பத்து வருஷமாகத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. 2021-லிருந்து முகத்தை வைத்தும் சான்று கொடுக்கலாம் என்று வந்தது பெரிய ஆறுதல். ஊரில் வயதான அம்மா அப்பா இருப்பவர்கள் கவனியுங்கள், போன் வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்ட் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

நம் வீட்டுக்கு

வெளியூரில் குடும்பம் நடத்தும் நம் எல்லோர் வீட்டிலும் ஒரு ரூட் இருக்கிறார். பெரும்பாலும் வீட்டுக்காரர், சில வீடுகளில் மூத்த பிள்ளை. பேங்க் கணக்கு, மின்சாரக் கட்டணம், ஊர் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், குழந்தையின் முதல் வருஷத்துப் படங்கள், பாட்டியின் குரல் பதிவு, எல்லாவற்றின் பாஸ்வேர்டும் அவர் தலைக்குள். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். கணவர் போன பிறகு அவருடைய கம்ப்யூட்டர் திறக்காமல், வங்கிக் கவுண்டருக்கு வந்து தாள்களோடு திகைத்து நிற்கும் பெண்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். பணம் இருக்கிறது, உரிமை இருக்கிறது, சாவி மட்டும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என்னென்ன கணக்கு எங்கெங்கே இருக்கிறது என்று எழுதி, முக்கியமான பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, நம்பிக்கையான இரண்டாவது ஆளுக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். வங்கிக் கணக்குகளில் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். படங்களின் நகல் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும், ஊரில் அண்ணன் வீட்டில் ஆனாலும் சரி. போகிக்குப் பரண் ஒழிக்கிற நாளில், நீங்கள் எழுந்து விலகி, அந்த இரண்டாவது ஆளை உட்கார வைத்து, பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் பொங்கலைக் கொண்டாடுங்கள். திறக்காவிட்டால், கடிகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.